கல்வியங்காட்டடியில் நின்றுவிடும் கார்

கோப்பாய் செல்வத்துரையின் வீட்டுப் படலையில் தொங்கிய பலகையில் பெயருக்கு ஒரு வரியும் பதவிக்கு மூன்று வரிகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. பதவியின் முதற்சொல் 'ஓய்வுநிலை'. அந்தச் சொல் மட்டும் மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில் இருந்தது. இடம் போதவில்லை என்று பலகை எழுதியவன் சொன்னதாக அவர் சொல்லுவார்.

பலகைக்கு அடுத்தபடியாக அவருடைய மதிப்பைச் சுமந்தது வெள்ளை நிற ஜப்பான் கார். பரிசளிப்பு விழா, நூல் வெளியீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அதில்தான் போவார். போய் நின்றதும் ஒருவர் வந்து கதவைத் திறக்க வேண்டும். ஆள் வரச் சுணங்கினால், எதையோ தவறவிட்டுத் தேடுகிறவர்போலக் காருக்குள்ளேயே குனிந்துகொண்டிருப்பார். ஆள் வந்ததும் தேடியது கிடைத்துவிடும்.

சித்திரைக்குப் பிறகு அந்தக் கார் ஒரு பழக்கம் பழகியது. கோப்பாயில் ஒழுங்காகப் புறப்படும். இருபாலையைத் தாண்டும். கல்வியங்காட்டுச் சந்தைக்குக் கிட்ட, குணலட்சுமியின் வாழைப்பழக் கடைக்கு நேரே வந்ததும் இருமத் தொடங்கி, நின்றுவிடும். முக்கால் மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். பக்கத்துக் கோயிலுக்குப் போய்வந்தால் நிற்பதேயில்லை. யாழ்ப்பாணம் போனால்தான் இந்தக் குணம்.

கல்வியங்காட்டில் பழைய முனி ஒன்று காவல் நிற்கிறது என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். செல்வத்துரையின் மனைவி மனோன்மணி அதை முழுதாக நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தேங்காய் மட்டும் உடைத்தாள். செல்வத்துரையின் முடிவு பெற்றோலில் கலப்படம் என்பது. எரிபொருள் நிலையத்துக்கு 'விடயம்: எரிபொருளின் தரக்குறைவு தொடர்பாக' என்று தொடங்கி, 'பிரதிகள்: ஐவருக்கு' என்று முடியும் கடிதம் ஒன்றை எழுதினார். பதில் வரவில்லை. வராததையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். பிறகு நகரத்தில் கொம்பியூட்டர் வைத்த கராஜ் ஒன்றில் இரண்டு நாள் விட்டார்கள். அங்கே பிளக்குகளை மாற்றினார்கள், பெற்றோல் பம்மை மாற்றினார்கள், போகும்போது கழுவியும் கொடுத்தார்கள். கார் பளபளவென்று வந்து கல்வியங்காட்டில் நின்றது.

வேகமுள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கொன்று விடாமல் எரிந்தது. அது கண்ணைக் குத்துகிறது என்று செல்வத்துரை அதன்மேல் சின்னப் பிள்ளையார் படம் ஒன்றை ஒட்டினார். மாலை நேரங்களில் பிள்ளையார் மஞ்சளாய்ப் பிரகாசித்தார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விடயம்தான், உதயகலா இல்லாவிட்டால்.

உதயகலா அவர்களின் ஒரே பிள்ளை. முப்பத்தெட்டு வயது. பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கணவன் பிரவீணனுக்கு வவுனியாவில் வேலை. வெள்ளி வந்து ஞாயிறு போவான். கலியாணம் கட்டி எட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. இரண்டு வருடமாக நகரத்தில் தனியார் மருத்துவமனை ஒன்றில் வைத்தியம் நடக்கிறது. ஆய்வுகூடத்தில் உருவாக்கி உறையவைத்த மூன்று கருக்களில் இரண்டு தங்கவில்லை. மிஞ்சியது ஒன்று. போன மாதம் அதை வைக்க நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கும் கார் கல்வியங்காட்டில் நின்றது. "ஐஞ்சு நிமிசம் பொறு பிள்ளை, இப்ப ஸ்டார்ட் வந்திடும்" என்று தகப்பன் சொல்லச் சொல்ல அவள் முக்கால் மணி நேரம் பொறுத்தாள். போய்ச் சேர்ந்தபோது, கொழும்பிலிருந்து வந்த டொக்டர் திரும்பிப் போய்விட்டார். ஒரு மாதமாகப் போட்ட மருந்துகளும் ஊசிகளும் வீண். மறுபடி முதலிலிருந்து மருந்து, மறுபடி ஊசி, மறுபடி நாள். வியாழக்கிழமை காலை எட்டரை.

ஓட்டோ பிடித்துப் போயிருக்கலாம்தான். ஆனால் ஓட்டோக்காரர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள்; விடயம் வீட்டுக்குள் இருந்த இரகசியம். ஐயாவுக்குப் பிரஷர், பார்க்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். செல்வத்துரைக்கு வாழ்நாளில் பிரஷர் வந்ததில்லை. அக்கம்பக்கத்தார் வரும் நேரங்களில் மட்டும் உப்பில்லாத சோறு சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உதயகலா புட்டுக்குச் சொதி ஊற்றிக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள்.

"நாளைக்குப் பின்னேரத்துக்கிடையிலை இந்தக் கார் யாழ்ப்பாணம் மட்டும் போகும் எண்டு ஆராவது எனக்குக் காட்டவேணும். இல்லாட்டி நான் ஓட்டோவிலை போறன். ஊர் அறிஞ்சால் அறியட்டும்."

செல்வத்துரை, இதுபற்றிக் கலந்தாலோசிக்கலாம் என்றார். அவருடைய கந்தோர்க் காலத்தில் இந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒன்றும் நடந்ததில்லை. இம்முறை மனோன்மணி தொலைபேசியை எடுத்தாள். மூன்று முறை கார் தள்ளிவிட்ட குணலட்சுமி, மானிப்பாயில் கனிசியஸ் என்று ஒருவன் இருக்கிறான், வாய் குறைவு, கை சரி என்று சொல்லி இலக்கம் கொடுத்திருந்தாள்.

புதன் காலை சோளகக் காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கனிசியஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பைதான் கொண்டுவந்திருந்தான். செல்வத்துரை எழுந்து, தான் யார் என்பதிலிருந்து தொடங்கி, கலப்படம் பற்றிய தன் ஆய்வு வரையில் விளக்கினார். அவன் கேட்டுக்கொண்டே காருக்குள் ஏறினான். பிள்ளையாரைக் கண்டதும் நகத்தால் பக்குவமாய் உரித்துக் கண்ணாடி மூலையில் மேலே ஒட்டினான். "இவர் மேலை இருந்து பாக்கட்டும் ஐயா. கீழை நான் பாக்கிறன்."

உள்ளங்கையளவு பெட்டி ஒன்றைச் செருகிப் பார்த்தான். பெற்றோல் ஆவி போகிற பாதையில் பிழை என்று அது சொல்லியது.

"எந்த இடத்திலை?" என்று உதயகலா கேட்டாள். பாடசாலைக்கு விடுமுறை போட்டிருந்தவள், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது இடம் சொல்லாது ரீச்சர். கந்தோர்க் கடிதம் மாதிரி, பிழை இருக்கெண்டு மட்டும் சொல்லும்."

செல்வத்துரை தொண்டையைச் செருமினார்.

கனிசியஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: பெற்றோல் அடிக்கும்போது செட்டிலுள்ள பம் இடையிலே தானாக நிற்கிறதா? நிற்கிறது என்றார் செல்வத்துரை. சித்திரையிலிருந்து, வாய்வரை நிரம்பாமலே டக் டக்கென்று நின்றுவிடுகிறதாம். அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடித்ததாகவும், இறங்கித் தானே காரைப் பின்னாலிருந்து ஆட்டி ஆட்டி நிரப்பியதாகவும் சொன்னார். ஓய்வுநிலைக் கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் பெற்றோல் செட்டில் நின்று கார் ஆட்டிய காட்சியைக் கனிசியஸ் கொஞ்ச நேரம் மனதுக்குள் பார்த்தான்போல. பிறகு, ஓடிப் பார்ப்போம் என்றான்.

கனிசியஸ் ஓட்டினான். செல்வத்துரை முன்னால், உதயகலா பின்னால். இருபாலை தாண்டியது. கார் இருமியது. குணலட்சுமி தூரத்திலேயே கண்டு, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளுவதற்கு எழுந்துவிட்டாள்.

"இருங்கோ அக்கா. இண்டைக்குத் தள்ளுறேல்லை" என்றான் கனிசியஸ்.

இறங்கினான். முன்னால் பொன்னெற் பக்கம் போகவில்லை. பின்பக்கம் போய்ப் பெற்றோல் மூடியைத் திருகினான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகியபோது, நெடுநேரம் மூச்சடக்கி இருந்த ஆள் மூச்சை இழுப்பதுபோல ஒரு நீண்ட சத்தம் வந்தது. உதயகலா இறங்கிவந்து காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"காத்து வெளியிலை வரேல்லை அண்ணை. உள்ளை போகுது."

"ஓம் ரீச்சர். அதுதான் விசயம்."

மூடியைக் கழற்றியதும் இன்னொரு விடயமும் வெளியே வந்தது. மூடியின் அடியில் நீலநிறச் சொப்பிங் பைத் துண்டொன்று இரண்டு மடிப்பாய்ச் சுற்றி, இறப்பர் வளையம் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்து இழுபட்டு ஒரு சின்னக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. கனிசியஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது யார் செய்தது என்று கேட்டான். செல்வத்துரை தெருவில் போன பஸ்ஸின் இலக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

அது பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் கிடந்த காலத்துக் கண்டுபிடிப்பு. ஒரு சொட்டும் ஆவியாகிப் போகக்கூடாதென்று அவர் செய்தது. சனசமூக நிலையத்தில் 'எரிபொருள் சிக்கனம்' பற்றிப் பேசியபோது ஊருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். ஊரில் எத்தனை மூடிகளுக்கு இன்னும் சொப்பிங் பை கட்டியிருக்கிறதோ தெரியாது.

கனிசியஸ் காருக்குள் ஏறித் திறப்பைத் திருகினான். கார் முதல் முயற்சியிலேயே ஓடத் தொடங்கியது. குணலட்சுமி, இவ்வளவு நாளும் இந்த மூடியைத் திறக்காமலா என்னைக் கொண்டு தள்ளுவித்தார்கள் என்று தனக்குள் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கனிசியஸ் பிளேன்ரீ குடித்தபடி விளக்கினான். அவன் அன்று அதிகம் பேசியது அப்போதுதான்.

"பெற்றோல் ஆவி வீணாய்ப் போகாமல் பிடிச்சுவைக்கக் காருக்கே ஒரு கரிப்பெட்டி கிடக்கு ஐயா. சொப்பிங் பை தேவையில்லை. எஞ்சின் ஓடேக்கை அந்த ஆவியை இழுத்து எரிச்சிடும். ஆனால் இழுக்க இழுக்க, அந்த இடத்துக்கு வெளிக்காத்து உள்ளை வரவேணும். வராட்டித் தாங்கிக்குள்ளை இழுவை கூடும். பேந்து பம் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வராது."

செல்வத்துரை இதை வளிமண்டல அமுக்கம் என்ற தலைப்பின்கீழ் விரித்துரைக்கத் தொடங்கினார். தட்டத்தை எடுக்க வந்த மனோன்மணி இடையில் கேட்டாள்.

"ரின்பால் ரின்னுக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வடியுமோ? மற்றப் பக்கமும் ஒண்டு போட்டால்தானே வரும்."

"அவ்வளவுதான் அம்மா" என்றான் கனிசியஸ்.

நாற்பது வருடமாக அந்த வீட்டில் ரின்பாலுக்கு ஓட்டை போடுவது மனோன்மணி. செல்வத்துரை உரையை அத்துடன் நிறைவுசெய்தார்.

ஆனால் சொப்பிங் பை மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று உதயகலா சொன்னாள். அது மூன்று வருடமாக இருக்கிறது; கார் நிற்பதோ சித்திரையிலிருந்து. கனிசியஸ் அவளை மதிப்போடு பார்த்தான். காற்று வருவதற்குக் காருக்கு வேறு வழி இருக்கிறது, கரிப்பெட்டியிலிருந்து பின்சில்லுக்கு மேலே போகும் ஒரு ஹோஸ். அது அடைபட்டால் மூடியில் உள்ள சின்ன வால்வ் கொஞ்சமாவது காப்பாற்றும். அதைத்தான் ஐயா சொப்பிங் பையால் கட்டிவிட்டார் என்றான். அப்படியானால் ஹோஸ் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹோஸைக் கரிப்பெட்டியிலிருந்து கழற்றி அந்த முனையில் சைக்கிள் பம்பைப் பொருத்தினார்கள். உதயகலாவே அடித்தாள். கைப்பிடி பாதி இறங்கி அப்படியே நின்றது. காற்று போகவில்லை. கனிசியஸ் சாக்கை விரித்துக் காருக்குக் கீழே படுத்து, ஹோஸின் மற்ற முனைக்குள் டோர்ச் அடித்தான்.

"மண்" என்றான் கீழேயிருந்து. "குளவி கூடு கட்டியிருக்கு."

மனோன்மணியின் கையிலிருந்த தட்டம் தரையில் வைக்கப்பட்டது.

"தொடாதையுங்கோ தம்பி."

மானிப்பாயில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை தங்கும், உடைக்கக்கூடாது. அவன் கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குந்தினான். எல்லாருடைய கண்ணும் உதயகலாவிடம் போய்த் திரும்பியது. எதற்காகப் போகிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டை உடைக்காவிட்டால் கார் ஓடாது. கார் ஓடாவிட்டால் நாளைக்கு எட்டரைக்குப் போவது நடக்காது. மூடியைத் திறந்து திறந்து ஓடலாமே என்று மனோன்மணி சொன்னாள். ஓடலாம், ஆனால் பெற்றோல் மணக்கும், ரீச்சருக்கு அது நல்லதில்லை என்று கனிசியஸ் மெதுவாகச் சொன்னான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

மனோன்மணி கணவனைப் பார்த்தாள். 'மூடநம்பிக்கையை முறியடிப்போம்' என்ற உரையைப் பதினொரு பாடசாலைகளில் நிகழ்த்தியவர் அவர். அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டாவது பாடசாலையில் பரிசளிப்பு விழா. இப்போது தன் கருத்தைச் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நம்பிக்கை ஒரு புறமிருக்க, குளவி என்பது பயிருக்கு நன்மை செய்யும் உயிரினம் என்றும், சுற்றாடல் நோக்கில் அவசரப்பட்டு எதையும் அழிப்பது உசிதமல்ல என்றும் சொன்னார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, உடைக்கவேண்டாம் எண்டு சொன்னால் போதும்" என்றாள் மனோன்மணி.

உதயகலா சாக்கில் படுத்தாள். மருந்துக் காலத்தில் இப்படிக் குனிந்து நெளிந்து படுக்கலாமா என்று தாய் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. டோர்ச்சை வாங்கி உள்ளே பார்த்தாள். எட்டு வருடத்தில் அவளுக்கு எத்தனையோ அறிகுறிகள் காட்டியிருந்தார்கள். பல்லி சொன்னது, தொட்டில் கட்டியது, கனவில் வந்த பசுக்கன்று. ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொரு மாதமும் தனியாக அழுதிருக்கிறாள். உடையுங்கோ என்று சொல்லிவிடத்தான் படுத்தாள்.

உள்ளே காய்ந்துபோன பழைய மண், ஓட்டையோடு. அதற்கு இந்தப் பக்கம் புது மண். வாழையடி வாய்க்காலில் அள்ளிய செம்மண், இன்னும் ஈரம் காயாமல். பழசிலிருந்து வந்தது போய்விட்டது. புதுசுக்குள் ஏதோ இருக்கிறது. ஒரு முட்டை, பக்கத்தில் அது விழித்ததும் தின்ன ஒரு பச்சைப் புழு. பத்தாம் வகுப்புக்கு அவள் படம் கீறிப் படிப்பித்திருக்கிறாள். கூட்டை இப்படிக் கிட்டப் பார்த்தது இன்றுதான்.

"அண்ணை, இந்த ஹோஸிலை அரை அடி குறைஞ்சால் காருக்கு என்ன குறையும்?"

கனிசியஸ் யோசித்தான். "ஒண்டும் குறையாது ரீச்சர்."

"அப்ப கூட்டை உடைக்காதையுங்கோ. ஹோஸை வெட்டுங்கோ."

அவன் இரும்பு அறுக்கும் அலகை எடுத்தான். அடியே விழாமல், அதிராமல், தலைமயிர் வெட்டுவதுபோல மெல்ல மெல்ல அறுத்தான். மனோன்மணி காருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தாள். துண்டு வந்ததும் வாங்கி, காற்றுப் படாமல் சீலைத் தலைப்பால் மூடி, கார்க்கொட்டிலின் கூரைவளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். கனிசியஸ் மிச்ச ஹோஸின் வாயில் நுளம்புவலைத் துண்டொன்றை இரட்டையாய் மடித்துக் கட்டினான். உள்ளங்கைப் பெட்டியை மறுபடி செருகி, கார் பதிந்துவைத்திருந்த பிழையை அழித்தான். மூடியைச் சொப்பிங் பை இல்லாமல் பூட்டினான்.

பின்னேரம் உதயகலாவையே ஓட்டச் சொன்னான். கல்வியங்காடு, நல்லூர், யாழ்ப்பாணம், திரும்பவும் கோப்பாய். நிற்கவில்லை. மஞ்சள் விளக்கும் எரியவில்லை. வேலைக்கு அவன் கேட்டது கொஞ்சம்தான். போகும்போது மோட்டார் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "வடிவாய்ப் போட்டு வாங்கோ ரீச்சர்" என்றான். எங்கே என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். கல்வியங்காடு வந்ததும் செல்வத்துரையின் கால் தானாகவே தயங்கியது. கார் தயங்கவில்லை. எட்டு மணிக்கு முன் மருத்துவமனையில் நின்றார்கள். பிரவீணன் இரவு பஸ்ஸில் வந்து வாசலில் காத்திருந்தான்.

மத்தியானம் திரும்பி வரும்போது உதயகலா பின்னிருக்கையில் பிரவீணனின் தோளில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். கல்வியங்காட்டில், வாழைப்பழக் கடைக்கு நேரே, கார் நின்றது. குணலட்சுமி சலிப்போடு எழுந்து தலைப்பைச் செருகினாள்.

இம்முறை நிறுத்தியது செல்வத்துரையின் கால். கதவைத் திறக்க யாரும் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. இறங்கிக் கடையடிக்குப் போனார்.

"தள்ளவேண்டாம் பிள்ளை. நன்றி சொல்லத்தான் நிப்பாட்டினனான்."

"அதுக்கென்ன ஐயா. பிரஷர் இப்ப என்ன மாதிரி?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். வெயில் வெள்ளைத் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

"எனக்குப் பிரஷர் ஒண்டும் இல்லை. மகளைத்தான் கொண்டுபோட்டு வாறன்."

குணலட்சுமி தலையாட்டினாள். "தெரியும் ஐயா. போன முறை கார் நிண்டண்டைக்கே நல்லூர்க் கோயிலுக்கு நேந்தனான்." ஒரு சீப்புக் கதலியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். உங்கள் பிரஷருக்காக ஊரில் ஒருவரும் இதுவரை ஒரு கற்பூரம்கூடக் கொளுத்தவில்லை, எல்லாம் பிள்ளைக்குத்தான் என்றும் சொன்னாள். இரண்டு வருடமாக உப்பில்லாத சோறு தின்றவர், சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அங்கேயே நின்று தின்றார்.

இரத்தப் பரிசோதனைக்குப் பதினான்கு நாள் இருக்க வேண்டும் என்றிருந்தார்கள். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, பரிசளிப்பு விழா. செல்வத்துரை வெள்ளை வேட்டியும் கோட்டும் போட்டுக்கொண்டு கார்க்கொட்டிலுக்கு வந்தார். வளையில் ஹோஸ் துண்டு அப்படியே தொங்கியது. கீழே சப்பாத்துப் பலகையில் அவருடைய கறுப்புச் சப்பாத்து. பிரதம விருந்தினராகப் போகும்போது மட்டும் போடுவது.

இடது சப்பாத்தைக் கையிலெடுத்தபோது பாரமாயிருந்தது. உள்ளே பார்த்தார். விரல் இடத்தில், உருண்டையாய், ஈரமான செம்மண்.

சுற்றுமுற்றும் பார்த்தார். மனோன்மணி குசினியில். உதயகலா உள்ளே படுத்திருந்தாள், பிரவீணன் பக்கத்தில். ஒரு தட்டுத் தட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. விழாவில் மாலையோடும் பாண்ட் வாத்தியத்தோடும் வாசலில் நிற்பார்கள், கண்ணெல்லாம் முதலில் காலுக்குத்தான் போகும்.

சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்து, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கம் பார்க்க, மெதுவாக வைத்தார். கிணற்றடிக்குப் போட்டுப் போகும் இறப்பர்ச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

அன்றைய உரையின் தலைப்பு வழக்கமானதுதான். வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினார் என்று ஊரில் சொன்னார்கள்.